கிணற்றில் இறைத்தால் இடுப்பு வலி

இந்த வாரம்தான் கிணற்றில் தண்ணீர் இறைக்கத் தொடங்கினேன், இடுப்பு வலிக்கிறது, நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். இறைப்பதை நிறுத்த வேண்டாம், வாளியைப் பாதியாக்குங்கள். 15 லிட்டர் வாளி நிறைந்தால் தண்ணீரே 15 கிலோ. பல வருஷம் நாற்காலியில் இருந்த உடம்புக்கு முதல் வாரமே அது அதிகம்.

கை வலிக்கவில்லை, இடுப்பு மட்டும் என்கிறீர்கள். கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து முதுகால் இழுக்கிறீர்கள் போல. ராட்டினம் (கயிறு ஓடும் கப்பி) பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையைத்தான் மாற்றும். நிமிர்ந்து, ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, உடல் எடையைக் கயிற்றில் இறக்குங்கள்.

வெறும் வாளியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதுவே கனத்தால் ராட்டினம் இறுகியிருக்கிறது. அச்சில் எண்ணெய் விடுங்கள்.

வளவு (வீட்டின் உள்முற்றம்) துடைப்பதை அதே காலையில் சேர்க்காதீர்கள், அதுவும் குனியும் வேலைதான். (தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும், கவனம்.)

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ இறைப்பதை விட்டு மருத்துவரைப் பாருங்கள்.