கார் எஞ்சினை நம்பிப் பறக்கலாமா? கேள்வி பதில்

வீட்டில் கட்டும் சிறு விமானங்களுக்குக் கார் எஞ்சின் பூட்டுவது பற்றிய கேள்விகளுக்கு, திருகோணமலை சீனன்குடாவில் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

நிலாவெளி: படகில் பழைய வான் வண்டி எஞ்சினை ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறோம். அதை வானத்தில் ஏன் நம்பக்கூடாது?

நம்பலாம், அண்ணை. 1929இலேயே அமெரிக்காவில் பீட்டன்போல் என்பவர் போர்ட் மொடல் ஏ கார் எஞ்சினில் பறந்தார். ஆனால் சாலையில் சீராக ஓடும் காரிடம் அதன் வலுவில் சிறு பங்கையே கேட்கிறோம். விமானம் மேலேறும்போது முழு வலு வேண்டும். பிறகும் முக்கால் பங்கு, இடைவிடாமல். படகு எஞ்சினும் அப்படி உழைக்கிறதுதான். ஆனால் சூட்டைத் தணிக்கச் சுற்றிலும் கடல் இருக்கிறது; நின்றுபோனால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அடுத்த படகைக் கூப்பிடலாம்.

உப்புவெளி, கராச் நடத்துபவர்: எஞ்சினுக்குள் எது முதலில் போகும்?

பெரும்பாலும் உள்ளே எதுவும் போகாது, தம்பி. நாம் வெளியே பூட்டியதுதான் காலை வாரும். இன்றைய கார் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல்தான் முழு வலுவைத் தரும். ஐந்தரை அடி புரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுழற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும்; சத்தம் மிஞ்சும், விமானத்தை இழுக்கும் விசை குறையும். லைக்கொமிங் ஓ-320 என்ற விமான எஞ்சின் 5.2 லீற்றர் கொள்ளளவோடு 2,700 சுற்றிலேயே 150 குதிரைவலு தருவதால் அதற்குக் கியர் தேவையில்லை. கார் எஞ்சினுக்கு, சுற்றைக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கும் கியர் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் என்ற சுழல்தண்டில் ஓர் உதை விழுகிறது. மறுமுனையில் கனத்த புரொப்பெல்லர் அசைய மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட கியர்ப் பற்கள் முன்னும் பின்னுமாக அடிபடுகின்றன. மெதுவாக ஓடும்போது கடகடவென்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். இணைப்பு ரப்பரைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தாலும் அப்படியே.

திருகோணமலை வளாக மாணவி: அப்படியானால் கியரே இல்லாமல் புரொப்பெல்லரைச் சுழற்றும் வொக்ஸ்வாகன் பீட்டில் கார் எஞ்சின்?

ஒருவர் இருவர் பறக்கும் இலகு விமானத்துக்கு நல்லது, மகள். காற்றாலேயே குளிர்வதால் ரேடியேட்டரும் இல்லை. பேராசைப்பட்டு வலுவைக் கூட்டினால் சிலிண்டர் தலை அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

கிண்ணியா: கம்பியூட்டரில் இயங்கும் புதிய எஞ்சின்கள்?

எஞ்சின் தங்கம்தான், ஆனால் பற்றரி இறங்கினால் பெற்றோல் பம்பும் தீப்பொறியும் ஒன்றாகவே போய்விடும். விமான எஞ்சினின் மக்னீற்றோ தன் தீப்பொறியைத் தானே உண்டாக்கும். அதிலும் இரண்டு இருக்கும். ஆகவே தனித்தனி வயரோடு இரண்டு பற்றரி, இரண்டு பம்ப். பம்பைப் பெற்றோல் தாங்கிக்குக் கீழே வையுங்கள். சூடான பெற்றோலை மேலே உறிஞ்சினால் குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம்.

மூதூர்: சுபாரு கார் எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கியர்ப்பெட்டி, ரேடியேட்டர், இரட்டை வயரிங் எல்லாவற்றுக்கும் விலை கேட்டுவிட்டு, அது இன்னும் மலிவுதானா என்று பாருங்கள்.