பொதுக் கடற்கரையில் பறவை பார்ப்பவர் மற்றவர்களை ஒதுங்கச் சொல்லலாமா?

சொல்லலாம். நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஊர் கேட்கும்படி. அந்த வெட்கம் இன்னும் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அண்மையில்தான் தொலைநோக்கி வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாலையில் நம் திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரைக்கோ டச்சு விரிகுடாவுக்கோ போயிருப்பீர்கள். கண்ணாடியைக் கண்ணில் வைத்த நேரம் பார்த்து யாரோ ஓடிவந்திருப்பார்கள். இது நம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிற சண்டை. திருகோணமலையின் வெளிக்கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலையில் போனால் சூரியன் கண்ணில் குத்தும். நீரோரம் மேய்கிற சிறு பறவைகளில் உள்ளான் எது, உப்புக்கொத்தி எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் கறுப்பாகத் தெரியும். மாலையில்தான் வெயில் நம் முதுகுப்பக்கம் வந்து பறவையின் மேல் விழும். ஊர்ச்சனமும் மாலையில்தான் காற்று வாங்க வரும்.

என் கதை ஒரு புரட்டாதி மாதத்தில் நடந்தது. நீரோரம் நாற்பது மணல் உப்புக்கொத்திகள் இருந்திருக்கும். திபெத்து மேட்டுநிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வந்து இறங்கிய புதிது. அங்கே இனப்பெருக்க காலத்தில் அவற்றின் மார்பு செங்கல் நிறத்தில் இருக்கும். இங்கே மாரி முழுவதும் வெறும் சாம்பல்தான். வந்த புதிதில் மட்டும் சிலவற்றில் அந்தச் சிவப்பின் மிச்சம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓரடி வைப்பதும் நிற்பதுமாகக் குனிந்தபடி நெருங்கினேன். முப்பது அடி இருக்கும்போது உதைபந்து ஒன்று உருண்டு வந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து கடல்மேல் ஒரு வட்டம் அடித்து, நிலாவெளிப் பக்கமாகப் போய்விட்டது.

கத்தினேன். முப்பது வருடம் வகுப்பறையில் வளர்ந்த குரல் அது. கடற்கரை என்ன உங்கள் வீட்டு முற்றமா என்று கேட்டேன். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இராது. “சேர், பந்து வருவதற்கு முன்பே அவை பறந்துவிட்டன” என்றான். பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கயிற்றை விடாமலே சிரித்தார். “தம்பி, நாங்கள் இருபது பேர் இங்கே சத்தம் போட்டு இழுக்கிறோம். அவை நாலடி தள்ளி நின்று மேய்கின்றன. நீங்கள் பூனை மாதிரிப் பதுங்கி வந்தால் பறக்காமல் என்ன செய்யும்?”

அவர் சொன்னதில் பாதிதான் சரி என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது முக்கால் பங்கு என்கிறேன். அதற்கு மேல் ஏறமாட்டேன்.

“அப்படியானால் பறவைகளை விரட்டலாம் என்கிறீரா?” என்று கேட்க வருபவர்கள் பொறுக்கவும். நான் அப்படிச் சொல்லவில்லை. நம் கரையில் கடல்நீரின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லை. வெளிநாட்டுப் புத்தகங்களில் வருகிற மைல்கணக்கான சேற்றுவெளி இங்கே கிடையாது. மேய்வதற்குக் கிடைப்பது நீரோரத்து ஒடுங்கிய பட்டைதான். பங்குனி, சித்திரையில் புறப்படுவதற்கு முன் அவை கொழுப்புச் சேர்க்க வேண்டும். சில கரைப்பறவைகள் அந்த நாட்களில் ஏறக்குறைய இரட்டிப்பு எடை ஆகின்றன. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் தூந்திரம் என்கிற மரமில்லாக் குளிர்வெளி வரை போக வேண்டும். காரணமில்லாமல் எழுப்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம். ஆகவே நாயை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பவரிடமும், மணலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரிடமும் நான் இன்றைக்கும் போய்ச் சொல்வேன். விளையாடுகிற பிள்ளையிடமும் வலை இழுக்கிறவரிடமும் சொல்லமாட்டேன். யுத்த காலத்தில் இந்த ஊரில் தொலைநோக்கியோடு கடலைப் பார்த்து நிற்க யாருக்குத் துணிவிருந்தது? மாணவர்களுக்குக் கரும்பலகையில் படம் வரைந்துதான் உள்ளான் காட்டினேன். இப்போது பிள்ளைகள் அதே மணலில் பந்து அடிக்கிறார்கள் என்றால், அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொலைநோக்கி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. உப்புக்காற்றில் என் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கொழும்பில் ஒரு கடையில் துடைக்கக் கொடுத்தேன். “அடுத்த கிழமை, அடுத்த கிழமை” என்று மூன்று மாதம் இழுத்தார்கள். பஸ்ஸுக்குக் கொடுத்த காசில் பாதி கண்ணாடி வாங்கியிருக்கலாம். திரும்பி வந்தபோது பூஞ்சணம் இல்லை, ஆனால் இரண்டு குழலும் இரண்டு திசை பார்த்தன. கேட்டால், என் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார்கள்! தங்கை இலண்டனிலிருந்து அனுப்பிய பொருள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லை, தெரியும்.

இப்போது பறவையிடம் நான் போவதில்லை. காலையில் உட்துறைமுக வீதிப் பக்கம் போகிறேன்; அங்கே காலை வெயில் முதுகுக்கு வரும், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற உள்ளான் ஒன்றிரண்டாவது நிச்சயம். பாலம் வந்தபின் பாதைப் படகுக்குக் காத்திருக்காமல் கிண்ணியாவுக்கும் போய்விடலாம். உப்புவெளிக்கு மாலையில் போனால், வலைக்காரரின் தோணி நிழலில் மணலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால், மேய்ந்துகொண்டே அவை பதினைந்து அடிக்கு வருகின்றன. ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். பின்னால் பந்து உதைபடுகிற சத்தத்துக்குத் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

ஐப்பசியில் ஒருநாள் அந்தப் பையன் வந்து பக்கத்தில் குந்தினான். கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “சேர், இவை எப்போதும் சோடி சோடியாகத்தான் நிற்குமா?” என்று கேட்டான்.