கடற்காற்றுக்கும் கச்சானுக்கும் தாங்கும் மேல்துணி எது?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து எழுதுகிறேன். பல்சா மரத்தில் கட்டிய மொடல் விமானம். இறக்கை மேலே அமைந்தது, நீளம் 1.5 மீற்றர், அகலம் 23 சென்ரிமீற்றர், மின்மோட்டர். போன மாரியில் பட்டுத்துணி போட்டு, துணியை இறுக்கும் டோப் என்ற மெருகைப் பூசினேன். மழை நாட்களில் தொய்ந்து கிடந்தது. கச்சான் என்ற வறண்ட காற்று எழும்பியதும் மத்தளத் தோல்போல் இறுகி இடது இறக்கையை முறுக்கிவிட்டது. துணியைக் கழற்றிவிட்டேன். இனி மருதமுனைக் கைத்தறிக் கொட்டன் போடலாமா, தையல்காரர் பாவிக்கும் லைனிங் துணி சரிவருமா, அல்லது வெளிநாட்டில் இருந்து எடுக்கும் சூட்டில் ஒட்டும் துணிதான் வேண்டுமா?

பதில்: பொலியெஸ்டர் போடுங்கள். வேறு எந்த நூலும் உங்கள் ஊர்க் காற்றுக்குத் தாங்காது.

காரணம் நூல் உறிஞ்சும் ஈரம். சாதாரண அறை ஈரப்பதத்தில் பட்டு தன் எடையில் ஏறக்குறைய 11 வீதம் ஈரத்தை வைத்திருக்கும். கொட்டன் 8 வீதம், நைலோன் 4 வீதம். பொலியெஸ்டரோ 0.4 வீதம்தான். ஈரம் ஏறினால் நூல் நீளும், காய்ந்தால் சுருங்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் மாரிக் காற்று நீரைச் சுமந்து வருகிறது. கச்சானோ மலைகளைத் தாண்டி இறங்கி, சூடாகிக் காய்ந்து வருகிறது. ஈரத்தில் இழுத்து ஒட்டிய பட்டு கச்சானில் சுருங்கியபோது, மேலும் கீழும் ஒரே அளவு இழுக்கவில்லை. முறுகியது அதனால்தான். உங்கள் கைவேலையில் பெரிய பிழை இல்லை.

டோப்பும் அங்கே தோதானதல்ல. பூசியதும் கரைப்பான் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும். ஈரக்காற்றில் உள்ள நீர் அதில் படிந்து வெள்ளைப் பூஞ்சைபோல் வெளிறும். மாரி நாளில் பூசினால் இது வராமல் இராது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத் தபாலிலும் எடுப்பிக்க முடியாது.

மருதமுனைக் கொட்டனைப் பற்றி ஒரு சொல். உடுத்த அருமையான துணி. ஆனால் கைத்தறி நெசவில் நூல்களுக்கிடையே வெளி இருக்கும், நூலும் தடிப்பு. அந்த வெளிகளை அடைக்கவே பல பூச்சு போகும், எடை ஏறும், ஈரச் சிக்கலும் அப்படியே நிற்கும். இறக்கைக்கு வேண்டாம்.

மிஞ்சுவது இரண்டு வழி. ஓராடெக்ஸ் போன்ற, அடியில் பசை பூசி வரும் பொலியெஸ்டர் துணி ஒன்று. பொலியெஸ்டரில் நெய்த தையல் லைனிங் மற்றது. பணம் இருந்தால் முதலாவதை எடுங்கள். சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிராம் வரும். ஓராகவர் போன்ற பிளாஸ்டிக் படலம் 60 கிராம் அளவு. உங்கள் விமானத்துக்கு இறக்கை இரு பக்கமும் 0.69, வால் 0.2, உடல் 0.3 என்று பார்த்தால் மொத்தம் 1.2 சதுர மீற்றர். படலம் 72 கிராம், துணி 120 கிராம். இந்த அளவு விமானத்துக்கு 48 கிராம் பெரிய சுமையல்ல. அதற்குப் பதிலாக, வேளாண்மை வெட்டிய வயலில் இறங்கும்போது நெல்தாள் முனைகளும் நெருஞ்சி முள்ளும் குத்தினாலும் கிழிந்து ஓடாத தோல் கிடைக்கும். இறக்கையின் முறுக்குப் பலமும் கூடும்.

வாலுக்கு மட்டும் படலமே போடுங்கள். வாலில் 0.2 சதுர மீற்றருக்குத் துணி போட்டால் 8 கிராம் கூடும். வால் எடைமையத்தில் இருந்து 60 சென்ரிமீற்றர் பின்னே, மூக்கு 25 சென்ரிமீற்றர் முன்னே என்றால், சமன் செய்ய மூக்கில் 19 கிராம் ஈயம் வைக்கவேண்டி வரும். வீண் சுமை.

வாங்கும் அளவு: இந்தத் துணி பெரும்பாலும் 60 சென்ரிமீற்றர் அகலம், 2 மீற்றர் நீளச் சுருளாக வரும். ஒரு அரை இறக்கைக்கு 85 × 29 சென்ரிமீற்றர் துண்டு வேண்டும், நான்கு துண்டு. அகலத்தில் இரண்டு இரண்டாக அடுக்கினால் 170 சென்ரிமீற்றரில் முடிந்துவிடும். ஆகவே இறக்கைக்கு ஒரு சுருள், உடலுக்கு இன்னொன்று. பாவு நூல் இறக்கையின் நீளவாட்டில் ஓட வேண்டும். கடும் நீலம், கறுப்பு வேண்டாம். நடு வெயிலில் கடும் நிறம் சூடேறி, பசை இளகி, ஓரம் கிளம்பும். வெள்ளை, மஞ்சள், கிறீம் பாதுகாப்பு.

லைனிங்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கல்முனை, காத்தான்குடிக் கடைகளில் கேட்கும்போது பெயரை நம்பாதீர்கள், சோதியுங்கள். ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால், பொலியெஸ்டர் சுருண்டு உருகி கறுத்த மணியாக இறுகும். கொட்டன் காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். நைலோனும் உருகும்தான், ஆனால் அதன் மணியில் கறுப்பு குறைவு. சந்தேகம் வந்தால் வேறு துணி பாருங்கள். பிறகு துணியை வாயருகே பிடித்து ஊதுங்கள். காற்று சுலபமாகப் போனால் நெசவு ஐது. அடுத்தது எடை: 50 × 20 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 6 கிராம் என்றால் சதுர மீற்றருக்கு 60 கிராம். 70-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

முக்கியமான சோதனை சுருக்கம். 10 சென்ரிமீற்றர் சதுரம் பேனையால் கீறி, அயனின் சூட்டுத் திருகை இரண்டு புள்ளியில் வைத்து மெல்ல ஓட்டுங்கள். பக்கம் 9.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் நல்ல துணி. அசையவே இல்லையென்றால் ஆலையிலேயே சூடேற்றி நிலைப்படுத்தியது. இறக்கையில் எவ்வளவு சூடு காட்டினாலும் இறுகாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

லைனிங்குக்குப் பசை, ஓரங்களில் வெள்ளை மரப்பசை. ஈரம் தாங்கும் வகை எடுத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மரத்தில் இரண்டு முறை பூசிக் காயவிட்டால், அயன் சூட்டில் மீண்டும் இளகி ஒட்டும். ஆனால் துணியை இறுக்கும் சூட்டிலும் அது இளகும். அதனால் துணியை விளிம்பைச் சுற்றி மறுபக்கம் குறைந்தது 1 சென்ரிமீற்றர் மடித்து ஒட்டுங்கள். இழுவை பசையைக் கிளப்பாமல் பக்கவாட்டில் விழும். விளிம்பின் மேலேயே வெட்டி நிறுத்தினால் உரிந்துவிடும்.

இனி வேலை. பட்டைக் கழற்றிய இறக்கைச் சட்டகத்தைத் தட்டையான கண்ணாடி மேல் வையுங்கள். முறுக்கு இன்னும் இருந்தால், நீராவி காட்டி, பாரம் வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். முறுகிய சட்டகத்தைப் புதுத்துணி நேராக்கும் என்று எண்ண வேண்டாம். பழைய டோப்பை 240 இலக்க அரத்தாளால் தேய்த்து, 400-இல் மெருகேற்றுங்கள். மிச்சமிருக்கும் கரைப்பான் சூட்டில் குமிழி கட்டும். மரமும் ஈரம் உறிஞ்சும் என்பதால், மழை விட்டு நான்கு நாள் வெயில் கண்ட பிறகே போர்த்துங்கள்.

அயனில் தண்ணீர் இருக்கக்கூடாது. நீராவி துளை வழியே சொட்டினால் மரம் நனையும். அடிப்பாகத்தில் மெல்லிய கொட்டன் துணி கட்டுங்கள். ஒரு புள்ளி ஏறக்குறைய 110 பாகை: ஒட்டுவதற்கு. இரண்டு புள்ளி 150: இறுக்குவதற்கு. மூன்று புள்ளியைத் தொடவே வேண்டாம். வீட்டு அயனின் சூடு ஏறி இறங்கும் என்பதால் ஒவ்வொரு தடவையும் மிச்சத் துண்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இறக்கையில் எங்காவது ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) இருந்தால் இந்தச் சூட்டில் குழிந்துவிடும். அங்கே இறுக்கும் சூட்டைக் கொண்டுபோக வேண்டாம்.

கீழ்ப்பக்கம் முதலில். நடு விலாவில் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) ஒட்டி, இறக்கை நுனிக்கு இழுத்து ஒட்டி, பிறகு பின்விளிம்பு, கடைசியில் முன்விளிம்பு. கையால் சுருக்கம் எடுக்குமளவு இழுத்தால் போதும். மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும். அடிப்பக்கம் உட்குழிவாக இருந்தால் ஒவ்வொரு விலாவிலும் ஒட்டிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி நிமிர்ந்து இறக்கையின் வடிவமே போய்விடும். மேல்துணியைக் கீழ்த்துணியின் மேல் 1 சென்ரிமீற்றர் ஏற்றி ஒட்டுங்கள். நான்கு துண்டும் ஒட்டி முடியும்வரை எதையும் இறுக்காதீர்கள்.

இறுக்கும்போது ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். மேலே ஒரு ஓட்டம், திருப்பிக் கீழே ஒரு ஓட்டம். பின்விளிம்பு மெல்லிய பல்சா என்றால் விலாக்களுக்கிடையே உள்வாங்கி அலைபோல் வளையும். அங்கே சூட்டைக் குறையுங்கள். கடைசியில் பின்னால் இருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். முறுக்கு தெரிந்தால், எதிர்த்திசையில் சற்று அதிகமாக முறுக்கிப் பிடித்து, இரு பக்கமும் சூடு காட்டி, ஆறும்வரை விடாமல் வைத்திருங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

லைனிங் போட்டவர் நெசவை அடைக்க வேண்டும். நீரில் கரையும் பொலியூரித்தேன் வார்னிஷ் போதும், மின்மோட்டர் ஆகையால் எரிபொருள் கவலை இல்லை. முதற்பூச்சுக்குத் தண்ணீர் கலக்காதீர்கள். நீர்த்தால் நெசவு வழியே ஒழுகி உள்ளே சொட்டுச் சொட்டாக உறையும். பஞ்சுத் தூரிகையை வழித்துவிட்டு மெல்லத் தேயுங்கள். இரண்டாவதை மட்டும் பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பூசலாம். இரண்டு பூச்சும் காய்ந்தபின் எடை பார்த்தால், லைனிங் பெரும்பாலும் ஓராடெக்ஸ் எடைக்கே வந்து நிற்கும். மிச்சமாவது பணம்தான், எடை அல்ல.

பறக்கவிட முன் ஒரு வாரம் நிழலில் வைத்து, முறுக்கை மறுபடி பாருங்கள். அடுத்த கச்சான் எழும்பிய முதல் நாளும் அப்படியே. மரம் காய்ந்து சிறிது அசைந்திருந்தால், இரண்டு புள்ளி அயன் அதைத் திருத்திவிடும்.