மின்னூட்டமே இல்லாத துகளைக் காந்தம் எப்படிப் பிடிக்கும்?

கேள்வி: சூரியனிலிருந்து ஆக்சியான் என்ற துகள் வருகிறதா என்று காந்தத் தொலைநோக்கி வைத்துத் தேடுகிறார்களாம். மின்னூட்டமே இல்லாத துகளைக் காந்தம் எப்படி இழுக்கும்? இத்தனை வருடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் எதற்கு இந்தச் செலவு?

இழுக்காது. "இழுக்கும்" என்ற சொல்லை விட்டுவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சென்னையில் எம்ஆர்ஐ ஸ்கேன் இயந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். போன மாதம் ஒரு ஸ்கேன் சென்டரில் ஓர் அம்மா தாலியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "தம்பி, இது என்னை உள்ள இழுத்துடுமா?" என்று கேட்டார். "இல்லம்மா, உங்களை இழுக்காது. உங்க உடம்புல இருக்கிற தண்ணியில இருந்து ஒரு சின்ன சிக்னல் வரும், அது வர்றதுக்குத்தான் இந்தக் காந்தம்" என்றேன். ஆக்சியான் தேடும் காந்தமும் அப்படித்தான். துகளைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலையில்லை, துகளை ஒளியாக மாற்றுவதுதான்.

ஆக்சியான் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூட்ரானுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்களுக்கு மின்னூட்டம் உண்டு. அப்படியானால் நியூட்ரானின் ஒரு பக்கம் கொஞ்சம் நேர்மின்னாகவும் மறுபக்கம் கொஞ்சம் எதிர்மின்னாகவும் இருக்கக் கோட்பாடு இடம் தருகிறது. எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அந்த வித்தியாசம் தென்படவில்லை. 1977-ல் இயற்பியலாளர்கள் பெச்சேய், க்வின் இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கம் சரியென்றால் புதிய துகள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1978-ல் வைன்பெர்க்கும் வில்செக்கும் தனித்தனியாகக் காட்டினார்கள். ஒரு சலவைத்தூளின் பெயரை அதற்கு வைத்தவர் வில்செக்.

சூரியனின் நடுப்பகுதியில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே அலையும் எக்ஸ்-கதிர்கள், அணுக்கருக்களையும் எலக்ட்ரான்களையும் சுற்றியுள்ள மின்புலத்தில் ஆக்சியான்களாக மாறலாம். ஆக்சியான் எதோடும் ஒட்டாது. சூரியனின் உடலைத் துளைத்துக்கொண்டு எட்டு நிமிடத்தில் இங்கே வந்து, நம்மையும் பூமியையும் கடந்து போய்விடும். 1983-ல் இயற்பியலாளர் பியர் சிகிவி கேட்ட கேள்வி இதுதான்: மாறிய வழியிலேயே அதைத் திரும்ப மாறவைத்தால் என்ன? பலமான காந்தப்புலத்துக்குள் நுழையும் ஆக்சியான், மிக மிக அபூர்வமாக, மறுபடி எக்ஸ்-கதிராக மாறும். அந்த எக்ஸ்-கதிரைத்தான் பிடிக்கிறார்கள்.

ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் இருந்த காஸ்ட் என்ற கருவியைப் பற்றிப் படித்தபோது என்னை நிமிர வைத்தது அதன் காந்தம். புரோட்டான்களைச் சுற்றவிட்டு மோதவைக்கும் எல்எச்சி என்ற பெரிய வளையத்துக்காகச் செய்து பார்த்த முன்மாதிரிக் காந்தம் அது. நீளம் 9.26 மீட்டர், பலம் 9 டெஸ்லா. நான் பார்க்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. எங்களுடையது திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வினில் கிடக்கும், காஸ்ட் காந்தம் 1.8 கெல்வினில். ஹீலியம் அளவு சற்று இறங்கினாலே எனக்கு ராத்தூக்கம் போய்விடும். அந்தக் குளிரில் இருக்கும் ஒரு காந்தத்தைத் தண்டவாளத்தில் நகர்த்தி, சாய்த்து, சூரியனுக்குப் பின்னாலேயே திருப்பினார்கள் என்றால் அந்தப் பொறியாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எம்ஆர்ஐ காந்தத்தைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்தால் ஆகாதா என்றால், ஆகாது. எங்கள் காந்தப்புலம் குழாயின் போக்கிலேயே ஓடும். ஆக்சியான் மாறுவதற்குப் புலம் அதன் பாதைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். புரோட்டானை வளைக்கச் செய்த காந்தத்தில் புலம் குறுக்கேதான் இருக்கும். அதனால்தான் அது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தியது.

அந்தக் காந்தம் மேலும் கீழும் 8 டிகிரிதான் சாயும். ஆகவே காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம்தான் சூரியனைப் பின்தொடர முடியும். பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலை நின்று கையை நீட்டி, விரல்களை மடக்கி முஷ்டி பிடியுங்கள். முஷ்டியின் உயரம் ஏறத்தாழ 10 டிகிரி. சூரியன் கடலிலிருந்து அந்த உயரத்தைத் தொடும் முன்பே அன்றைய காலை வேலை முடிந்துவிடும். ஆனால் தொடங்குவது சூரியன் எழும் முன்பே. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போதே காந்தம் தரையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும், ஆக்சியானுக்குத்தான் பூமி ஒரு தடையே இல்லையே. இதே கருவி சென்னையில் இருந்திருந்தால் சுமார் ஒரு மணி ஐந்து நிமிடம்தான் கிடைத்திருக்கும். நம் ஊரில் சூரியன் அவ்வளவு செங்குத்தாக ஏறும்.

எவ்வளவு கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆக்சியானுக்கும் ஒளிக்கும் உள்ள பிணைப்பின் அளவை ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக நொடிக்கு 37,500 கோடி ஆக்சியான்கள் பாயும். காஸ்ட் காந்தத்தின் குழாய் 43 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் நுழைவதில் எக்ஸ்-கதிராக மாறுவது ஏறத்தாழ 600 கோடி கோடியில் ஒன்றுதான். பெருக்கிக் கூட்டினால் ஒரு குழாய்க்கு ஒரு நாளில் ஒரே ஒரு எக்ஸ்-கதிர்த் துகள்!

அந்த ஒன்றைத் தவறவிடாமல் இருக்க, அப்ரிக்ஸாஸ் என்ற ஜெர்மன் விண்கலத்துக்காகச் செய்து மிச்சமிருந்த எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியைக் குழாயின் முனையில் மாட்டினார்கள். குழாய் முழுவதும் வரும் கதிர்களை அது சில சதுர மில்லிமீட்டரில் குவிக்கும். மற்ற நேரமெல்லாம் காந்தம் சூரியனைப் பார்க்காமல் எண்ணிக்கொண்டே இருக்கும். பார்த்தபோது வந்த எண்ணிக்கை, பார்க்காதபோது வந்ததைவிடக் கூடுகிறதா? தேடல் முழுக்க இந்த ஒரு ஒப்பீட்டில் நிற்கிறது.

கொஞ்சம் கனமான ஆக்சியான் என்றால், மாறும் ஒளியோடு அதன் தாளம் தப்பிவிடும். அதைச் சரிசெய்யக் குழாய்க்குள் ஹீலியம் வாயுவை நிரப்பி, அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றினார்கள். அந்த ஹீலியத்தின் கதையே நம் பக்கத்தில் தொடங்கியதுதான். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தார்கள். சூரிய ஒளியில் பெயரில்லாத ஒரு மஞ்சள் கோடு அந்த ஆண்டில்தான் கவனத்துக்கு வந்தது. பூமியில் ஹீலியம் கையில் கிடைத்தது 1895-ல்.

செலவுக்கு என்ன பலன் என்கிறீர்கள். 2017-ல் காஸ்ட் வெளியிட்ட முடிவு, மேலே நான் எடுத்துக்கொண்ட பிணைப்பில் 0.66 பங்குக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்றது, எடை குறைந்த ஆக்சியான்களுக்கு. வயதான விண்மீன்கள் எவ்வளவு வேகமாக எரிகின்றன என்பதை வைத்து வானியலார் போட்டிருந்த வரம்புக்குச் சமமான அளவை, ஒரு கட்டடத்துக்குள் இருந்த காந்தம் எட்டிவிட்டது. எனக்கு இது வெறுங்கை இல்லை. எங்கே இல்லை என்று தெரியாமல் அடுத்த காந்தத்தை எவ்வளவு பெரிதாகச் செய்வது என்று யாரும் முடிவெடுக்க முடியாது.

அடுத்தது பேபி ஐஆக்ஸோ, ஹாம்பர்க்கில் உள்ள டெசி ஆய்வகத்துக்காகத் திட்டமிட்டது. 10 மீட்டர் நீளத்தில் இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றின் வாயும் காஸ்ட் குழாயைவிடப் பரப்பில் 250 மடங்குக்கு மேல். அகலம் 70 சென்டிமீட்டர், அந்த அம்மா படுத்த ஸ்கேனரின் குழாயும் அதே 70 சென்டிமீட்டர்தான்.