கார் ரிமோட் சாவியில் பேட்டரி தீர்ந்தால்: கேளுங்கள், சொல்கிறேன்

கோவையில் 22 வருடமாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வண்டிகள் பெருகிய பிறகு, விடிகாலையில் வரும் போன்கள் எல்லாம் "அண்ணா, கதவே திறக்கல" என்றுதான் ஆரம்பிக்கின்றன. இன்றைக்கு அந்தச் சாவியைப் பற்றி மட்டும் கேளுங்கள். மைலேஜ், டயர், எந்த வண்டி வாங்கலாம் என்பதெல்லாம் வேறு ஆளிடம்.

பொள்ளாச்சியிலிருந்து: மண்டப வாசலில் நிற்கிறேன் அண்ணா. சாவியில் உயிரே இல்லை, கதவும் திறக்கவில்லை. கடைகள் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும்.

கடை எதற்கு? கையில் இருப்பதை வைத்தே வண்டியை எடுத்துவிடலாம். அந்தச் சாவியின் ஓரத்திலோ முதுகிலோ ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் உள்ளேயிருந்து ஓர் இரும்புச் சாவி வரும். டிரைவர் பக்கக் கதவில் போட்டுத் திருப்புங்கள். துவாரமே தெரியவில்லை என்றால் கைப்பிடிப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும், மெதுவாகக் கழற்ற வேண்டும். திறந்ததும் அலாரம் கத்தினால் பயப்படாதீர்கள், வண்டி ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும்.

அடுத்தது ஸ்டார்ட் செய்வது. சென்னை மெட்ரோ கார்டில் பேட்டரியா இருக்கிறது? கேட்டில் வைத்தால் திறக்கிறதல்லவா, அதே சங்கதிதான். சாவிக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சிப் இருக்கிறது. வண்டியில் இருக்கும் கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அதற்கு வேண்டிய மின்சாரத்தை வண்டியே கொடுத்துவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக், கியர் வண்டி என்றால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடியுங்கள். ஹூண்டாய், கியா என்றால் சாவியாலேயே பட்டனை அமுக்க வேண்டும். டொயோட்டாவில் முத்திரை உள்ள பக்கத்தைத் தொட வைத்து, சத்தம் வந்ததும் சில நொடிக்குள் பட்டனை அமுக்க வேண்டும். ஹோண்டாவிலும் எச் எழுத்து உள்ள பக்கம். பிஎம்டபிள்யூவில் ஸ்டியரிங் தண்டில் குறி போட்டிருக்கும். மற்ற வண்டிக்காரர்கள் டாஷ்போர்டுக்குள் தூங்கும் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆகவில்லை என்றால் தோல் உறையைக் கழற்றிவிட்டு, கொத்தில் உள்ள மற்ற சாவிகளையும் பிரித்துவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள்.

திருப்பூரிலிருந்து: சாவிக்குள் போடும் பட்டன் பேட்டரிக்கு என்ன செல் வாங்க வேண்டும்? கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்.

ஒன்று இல்லை. செல்லின் மேல் இருக்கும் நம்பரே அளவுதான். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் 2.5 கனம், 2016 என்றால் 1.6. எல்லாமே 3 வோல்ட். அதனால்தான் கடைக்காரர் அப்படிச் சொல்கிறார். பழைய செல்லில் உள்ள நம்பரைப் பார்த்து அதையே வாங்குங்கள். விரல் எண்ணெய் படாமல் துணியால் பிடித்து வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது உள்ளே இருக்கும் பச்சை சர்க்யூட் பலகையைக் கீறிவிடாதீர்கள். கழற்றிய செல்லின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மதுரையிலிருந்து: 2032 கிடைக்காதபோது இரண்டு 2016ஐ அடுக்கினால் அதே 3.2 வருமே? நான் அப்படித்தான் போட்டேன். எட்டு மாதமாக ஓடுகிறது.

கனம் சரியாக வரும் தம்பி. வோல்ட்? அடுக்கினால் 3ம் 3ம் 6. இந்தச் சாவிக்குள் இருக்கும் சிப்புகள் பெரும்பாலும் மூன்றரை வோல்ட்டைத் தாண்டித் தாங்குவதற்குச் செய்தவை அல்ல. உடனே கழற்றுங்கள்.

விமான நிலையத்திலிருந்து: வீட்டுக்காரரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன். சாவி அவர் பையில் போய்விட்டது. வண்டி நடுவழியில் நின்றுவிடுமா அண்ணா?

நிற்காதுங்க. ஓடும் வண்டியைச் சாவி இல்லை என்பதற்காக அணைக்க மாட்டார்கள், அது ஆபத்து. எச்சரிக்கை மட்டும் வரும். ஆனால் ஒருமுறை அணைத்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் பங்க்கில் அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. நேராக இன்னொரு சாவி இருக்கும் இடத்துக்குப் போய்விட்டு அப்புறம் அணையுங்கள்.

மதுரையிலிருந்து: எட்டு மாதம் ஓடுகிறதே அண்ணா, அதற்கென்ன பதில்? அதுவுமில்லாமல் என் மாமாவின் பழைய மெர்சிடிஸ் சாவியில் கம்பெனியே இரண்டு செல்லை அடுக்கி வைத்திருக்கிறது.

மெர்சிடிஸ் விஷயம் உண்மை. அந்தப் பழைய சாவிகளில் இரண்டு 2025 வரும். அது 6 வோல்ட்டுக்கென்றே வடிவமைத்த பலகை. உங்களுடையது 3 வோல்ட் பலகை. வீட்டு பல்பை த்ரீபேஸ் லைனில் மாட்டி "எரிகிறதே" என்பது போலத்தான் இது. சில சிப்புகள் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். என் மேசை டிராயரில் இப்படி வெந்துபோன சாவி ஒன்று கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் புதுச் சாவிக்குப் பல ஆயிரம் கட்டினார். செல்லின் விலை ஒரு டிபன் செலவுகூட இல்லை.

சேலத்திலிருந்து: போனது சாவி பேட்டரியா வண்டி பேட்டரியா என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. இரும்புச் சாவியால் கதவைத் திறந்து உள் விளக்கைப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் சாவிதான் பிரச்சினை. விளக்கே இல்லை, ஹார்ன் முனகுகிறது என்றால் 12 வோல்ட் பேட்டரி போய்விட்டது. அப்போது சாவியைப் பட்டனில் வைத்து எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு ஜம்ப்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் உள்ள இரண்டாவது சாவியையும் முயன்று பாருங்கள். இரண்டுமே ஒரே நாளில் சாவது அபூர்வம்.

ஊட்டியிலிருந்து: காலையில் வேலை செய்வதில்லை, மதியம் செய்கிறது. செல்லை அளந்தால் மீட்டரில் 2.9 வோல்ட் காட்டுகிறது.

செல் கிழடாகிவிட்டது சார். குளிரில் அதன் பலம் குறையும், வெயில் ஏறியதும் தெம்பு வரும். சும்மா வைத்து அளக்கும்போது மீட்டர் நல்ல பெயர்தான் கொடுக்கும். பட்டனை அமுக்கும்போதுதான் உண்மை தெரியும். புது செல் 3.2க்கு மேல் காட்ட வேண்டும். மாற்றிவிடுங்கள்.

மதுரையிலிருந்து: சரி, அடுக்கவில்லை. 2025 போட்டு மிச்ச இடத்தில் சாக்லேட் சுற்றிய அலுமினியப் பேப்பரை மடித்து வைக்கலாமா?

இன்றைக்கு என்னை விடமாட்டீர்கள் போலிருக்கிறது. வோல்ட் சரி, அதனால் சாவி உடனே வேகாது. ஆனால் அந்தப் பேப்பர் நகர்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட். நடுராத்திரி பைபாஸில் நிற்கும்போது ஒரு தடவை போட்டு வீடு வந்து சேருங்கள், ஆட்சேபணை இல்லை. வந்ததும் எடுத்துவிடுங்கள். சார்ஜ் செய்யும் வகை எல்ஐஆர் 2032 பற்றியும் கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட். வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: சாவி பேட்டரியா கார் பேட்டரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: ரிமோட்டைத் தாடையில் வைத்து அமுக்கினால் தூரத்திலிருந்தே திறக்கும் என்கிறார்களே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. தலையில் நீர் நிறைய இருப்பதால் சிக்னல் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். நானே பார்க்கிங்கில் செய்திருக்கிறேன், பார்ப்பவர்கள்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் இது பட்டனை அமுக்கித் திறப்பதற்கு மட்டும். சாவி பையில் இருக்க, கைப்பிடியைத் தொட்டுத் திறப்பது வேறு கணக்கு. அதில் முதலில் வண்டிதான் 125 கிலோஹெர்ட்ஸில் கூப்பிடும், சாவி அதைக் கேட்டு விழித்து 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். அந்தக் கூப்பாடு ஒன்றிரண்டு மீட்டரைத் தாண்டாது, தாடை அங்கே உதவாது.

தஞ்சாவூரிலிருந்து: மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல் தீர்கிறது.

சாவியை எங்கே மாட்டுகிறீர்கள்? போர்ட்டிகோவுக்கு அடுத்த சுவர் ஆணி என்றால் வண்டி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், சாவியும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். உள்ளறையில் மாட்டுங்கள். வயரில்லாமல் போன் சார்ஜ் ஆகும் தட்டின் மேல் சாவியை வைக்காதீர்கள். பையில் ஏதாவது பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் நெடுநாள் கிடந்த செல்லாகவும் இருக்கலாம். குழந்தைகள் வாயில் போடாமலிருக்கக் கசப்புப் பூசிய செல்களும் இப்போது வருகின்றன. அந்தப் பூச்சு சில சாவிகளில் தொடர்பைத் தடுக்கும், துடைத்துப் போடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: செல் மாற்றினால் சாவி வண்டியை மறந்துவிடுமா?

பொதுவாக மறக்காது. சிப்பில் பதிந்தது பேட்டரியோடு போகாது.

கரூரிலிருந்து: என் ஸ்கூட்டர் சாவியும் இப்படித்தான்...

ஸ்கூட்டர் என் வேலை இல்லை, டீலரிடம் கேளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: என் இரண்டு வயதுப் பையன் சாவியைப் பிரித்துவிட்டான். செல்லைக் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம்.

தேடுவதை நிறுத்துங்கள் அம்மா. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108க்குப் போன் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துபோகும். 20 மில்லிமீட்டர் செல்தான் சிக்குவதற்கு ஏற்ற அளவு. எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் செல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், காசு விழுங்கினான் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.

விருதுநகரிலிருந்து: சாவி பேட்டரியா வண்டி பேட்டரியா...

சேலம். சேலம். சேலம்.

கும்பகோணத்திலிருந்து: போகும் வழியில் ஷூவுக்குள் கிடைத்தது அண்ணா. எக்ஸ்ரேவும் எடுத்துவிட்டோம், ஒன்றும் இல்லை.

நல்லதுங்க. வீட்டில் டிவி ரிமோட், எடை போடும் மெஷின், பாட்டுப் பாடும் பொம்மை எல்லாவற்றிலும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மதுரையிலிருந்து: கழற்றிவிட்டேன் அண்ணா. உள்ளே பலகையில் 2032 என்று எழுதியே இருக்கிறது, இத்தனை நாள் கவனிக்கவில்லை. அந்த இரண்டு 2016ஐ என்ன செய்ய?

டேப் ஒட்டுங்கள்.