6 லட்சம் கடனுக்கு முன்னால் எம்.சி. ரோடு துணிக்கடையைப் பாருங்கள்

தண்டையார்பேட்டைக் குடும்பம் ஒன்று கேட்டிருக்கிறது. மகள் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட் ஆஃப் குறைவு. அம்பத்தூர் மாமா ஒரு கல்லூரியில் ‘ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்’ மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு 6 லட்சம், அட்வான்ஸ் உடனே கட்ட வேண்டும். பெண்ணுக்கோ கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. எம்.சி. ரோட்டில் சித்தியின் துணிக்கடைக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளுக்குப் பதில் போடுவதில்தான் உற்சாகமாம். “இவளை என்ன செய்வது?”

ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கவலைப்படாதீர்கள். ஆறுதல் இவ்வளவுதான், இனி கணக்கு. வருஷத்துக்கு ஒன்றரை லட்சமாக 11 சதவீத வட்டிக்கு வாங்கினால், படிப்பு முடியும்போது தனிவட்டி மட்டும் 1,65,000 ரூபாய். மொத்தம் 7,65,000. அதை ஐந்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 16,600 கட்ட வேண்டும். அந்தத் தவணையில் மாமா கையெழுத்துப் போடுவாரா? ஏ.ஐ. படிப்பே நேரியல் இயற்கணிதத்திலும் நிகழ்தகவிலும்தான் நிற்கிறது. கணக்குக்குப் பயப்படும் பெண்ணை அங்கே தள்ளினால் அரியர் சேரும், கடனும் சேரும். இந்த சீட் வேண்டாம்.

மற்றப் படிப்புகளைப் பற்றி உங்கள் தெருவிலேயே நூறு பேர் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். உங்கள் பெண் செய்வதே ஒரு தொழில். மெசேஜிங் ஆப்பில் வரும் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் சாட்பாட்டுக்கு உரையாடல் அமைப்பது, மொழித்தரவு (அதைப் பழக்கும் வாக்கியங்கள்) தயாரிப்பது, சோதிப்பது. கான்வர்சேஷன் டிசைனர், என்.எல்.யூ. (மொழி புரிதல்) அனலிஸ்ட், பாட் டெஸ்டர் என்று பதவிப் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பைத்தான் என்ற நிரல்மொழி ஓரளவு வேண்டும், மொழிக்காது நிறைய வேண்டும்.

சித்தி கடையிலேயே தொடங்கட்டும். பழைய வாட்ஸ்அப் கேள்விகளில் 300 எடுத்து, பெயர், போன் நம்பர், முகவரியை முதலில் அழித்துவிட வேண்டும். பிறகு நோக்கம் பார்த்துப் பிரிக்க வேண்டும்: விலை, சைஸ், டெலிவரி, மாற்றித் தருவது, கடை நேரம். ஆங்கிலத்தில் இதற்கு இன்டென்ட் என்பார்கள். ஆரம்பத்தில் எட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் 20, 30 வாக்கியம், வாடிக்கையாளர் எழுதிய அதே எழுத்துப்பிழையோடு. உட்கார்ந்து யோசித்து எழுதிய சுத்தத் தமிழ் வாக்கியங்களால் பழக்கினால், “எம் இருக்குமாக்கா” என்று ஒருவர் எம் சைஸைக் கேட்டதும் பாட் விழிக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் உண்டு, அவர்களையும் சேர்க்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, அதைச் சோதனைக்கு மட்டுமே தொட வேண்டும்.

பாட் கட்டும் கருவி ராசா ஓப்பன் சோர்ஸ். காசில்லை, 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். அதன் 3.6 பதிப்பு பைத்தான் 3.10 வரைதான் ஏற்கும். புதுப் பைத்தானைப் போட்டுவிட்டு நிறுவ முடியவில்லையே என்று நாள்கணக்கில் முட்டிக்கொள்ளக் கூடாது. டெலிகிராமில் பாட் உருவாக்கித் தரும் பாட்ஃபாதர் கணக்கிடம் கேட்டால், பாட்டை இயக்கும் ரகசியச் சாவியான டோக்கன் இலவசம். அந்த டோக்கனை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டால் பாட் ஊருக்கே சொந்தம்; உடனே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பைப் பிறகு பார்க்கலாம். அங்கே வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டினால், முன்அனுமதி பெற்ற டெம்ப்ளேட் செய்திதான் அனுப்ப முடியும்.

தமிழில் சறுக்கும் இடங்கள் தனி. பைத்தானோடு வரும் ‘ரீ’ (re) என்ற தேடல் தொகுதியில் சொற்களைப் பிரித்தால், அது புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகவே எண்ணாது. ‘பட்டு’ என்று கொடுத்தால் ‘பட’, ‘ட’ என இரண்டு துண்டாக வரும். ‘ரீஜெக்ஸ்’ என்ற தனித் தொகுதியை நிறுவினால் சரியாகும். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் முதலிலேயே என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிட வேண்டும். ‘ராயபுரம்’ என்று ஊர்ப்பட்டியலில் இருக்கும்; வருவதோ ‘ராயபுரத்துக்கு’, ‘ராயபுரத்துல’. முழுச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. எழுத்துத் துண்டுகளைப் பார்க்கும்படி அமைத்தால் ‘ராயபுர’ வரை பிடிபடும்.

தன் ஊகம் எவ்வளவு உறுதி என்று பாட் போடும் நம்பிக்கை மதிப்பு 0.7-க்குக் கீழே போனால் பாட் ஊகிக்கக் கூடாது. இரண்டு பட்டன் காட்டிக் கேட்கட்டும், இரண்டாவது முறையும் புரியாவிட்டால் சித்திக்கே அனுப்பிவிடட்டும். “மாத்திக் கொடுப்பீங்களா”, “காசைத் திருப்பிக் கொடுப்பீங்களா” இரண்டும் ‘கொடுப்பீங்களா’வில் முடிவதால் ஒன்றோடொன்று குழம்பும். காசு திருப்பித் தராத கடையில் பாட் “தருவோம்” என்று சொன்னால் கவுன்டரில் சண்டைதான். எந்த நோக்கம் எதோடு குழம்பியது என்று கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்ற அட்டவணை காட்டும். அதைப் படித்து, வாக்கியங்களைத் திருத்தி, மறுபடி ஓட்டுவதுதான் வேலையின் பெரும்பகுதி.

“எல்லாம் சாட்ஜிபிடியே சொல்லுமே” என்பார் மாமா. சொல்லும், ஸ்டாக்கில் இல்லாத புடவைக்கும் விலை சொல்லும். எந்தக் கேள்விக்கு ஸ்டாக் பட்டியலிலிருந்து மட்டும் பதில் வர வேண்டும் என்று தீர்மானிக்கவும், சொன்னது சரியா என்று சோதிக்கவும் ஆள் வேண்டும். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: வாக்கியத்துக்கு லேபிள் ஒட்டும் வேலையோடு நின்றால் சம்பளம் ஏறாது. பைத்தானையும் சோதனை அறிக்கை எழுதுவதையும் அவள் விடக் கூடாது.

பட்டம் வேண்டும், அதற்கு பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரி, கட்டணத்துக்குக் கடன் தேவைப்படாது. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. தளத்தில் விண்ணப்பியுங்கள். மொழிப் பாடமா கணினிப் பாடமா என்பதை அவள் சொல்லட்டும், மாமா அல்ல. முதல் வருஷத்திலேயே தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சிகளில் சேரட்டும். ‘சாட்பாட் சர்டிபிகேட், 60,000 ரூபாய், வேலை உறுதி’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். கையில் இருப்பதில் ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் மட்டும் வாங்குங்கள். அட்வான்ஸ் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், ரசீதோடு எழுத்தில் திரும்பக் கேளுங்கள். அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் அங்கே கொடுத்து வைக்காதீர்கள்.