மாம்பால், பலாச்சுளை, முந்திரி: ஒவ்வாமை பற்றிக் கேட்டவர்களுக்கு

கடலூரில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். மாம்பழக் காலம் வந்தால் பழம் பற்றிய கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

ஆறு வயசுப் பையன் மாம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றான். இரண்டு நாள் கழித்து உதட்டைச் சுற்றிச் சிவந்து, பொரிப்பொரியாக வந்து அரிக்கிறது. இனி மாம்பழமே கூடாதா? (திருப்பாதிரிப்புலியூர்)

பயப்படாதீர்கள் அம்மா. அவனுக்குச் சேராதது பெரும்பாலும் சதை இல்லை, பால். காம்பைக் கிள்ளினால் பீச்சுமே, அதுதான். பழத்தின் மேல் கறுப்பாக வழிந்து காய்ந்திருக்கும் கறையும் அதுதான், தோலுக்குள்ளும் இருக்கும். மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். சேங்கொட்டைச் சாறு பட்டால் புண்ணாகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். மாம்பாலில் இருப்பது அதற்கு உறவான பொருள்.

இந்த வகை உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதனால் முந்தாநாள் தின்ற பழத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. புண் முழுசாக ஆறட்டும். அப்புறம் பழத்தைக் கழுவி, காம்புப் பக்கம் ஒரு துண்டு தள்ளி, தோலை நீங்களே சீவி, கையையும் கத்தியையும் கழுவிவிட்டுத் துண்டு போட்டுக் கொடுங்கள். ஆனால் தின்ற சில நிமிஷத்திலேயே உதடு வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ அது வேறு கதை. வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது.

மாம்பழம் தின்றால் முகத்தில் கட்டி வருகிறதே, அதுவும் ஒவ்வாமையா? (மஞ்சக்குப்பம்)

இல்லை. வெயில், வியர்வை, கிருமி சேர்ந்து வருவது.

அன்னாசி தின்றால் நாக்கு எரிகிறது. (லாஸ்பேட்டை)

அதில் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலின் என்ற நொதி இருக்கிறது. நிறையத் தின்றால் யாருக்கும் எரியும். வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். எரிச்சலோடு தொண்டை அடைத்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

முந்திரிக்கொட்டை உடைக்கிறேன். சாம்பல் தொட்டுக்கொண்டும் உள்ளங்கை உரிகிறது. மாம்பழம் சாப்பிடலாமா? (காடாம்புலியூர்)

ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை நேரடியாகவே பொசுக்கும். சிலருக்கு அதன் மேல் ஒவ்வாமையும் சேரும். சாம்பல் மட்டும் போதாது. விளக்கெண்ணெய் தடவி, கையுறை போடுங்கள். கையுறையை வேலை கொடுப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை. சாப்பிடுவதற்கு முன்னும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாம்பழத்தை வேறு யாராவது தோல் சீவிக் கொடுக்கட்டும்.

நர்ஸாக இருக்கிறேன். ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்கும். இப்போது வாழைப்பழம் தின்றாலும் வாய் அரிக்கிறது. சம்பந்தம் உண்டா? (புதுச்சேரி)

உண்டு. ரப்பர் பாலில் உள்ள சில புரதங்களும் வாழை, கிவி, அவகாடோ, பப்பாளி இவற்றில் உள்ளவையும் ஒரே சாயல். உடம்பு ஏமாந்துபோகிறது. ரப்பர் பால் சேராத நைட்ரைல் கையுறைக்கு மாறுங்கள். ஆபரேஷன், பிரசவம், பல் வைத்தியம் எதுவானாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள். வாழைப்பழத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். மற்றப் பழங்கள் உங்களுக்கு ஒத்துக்கொண்டால் பயந்து விட வேண்டியதில்லை.

அப்பா பண்ருட்டிப் பலா இரண்டு சுளை தின்றார். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு வாங்கியது. மருந்துக்கடை மாத்திரையில் சரியாகிவிட்டது. இன்னொரு முறை ஒரே ஒரு சுளை கொடுத்துப் பார்க்கலாமா? (நெல்லிக்குப்பம்)

வேண்டவே வேண்டாம் தம்பி. குரல் கம்மியது தொண்டைக்குள்ளும் வீங்கியதற்கு அடையாளம். அடுத்த தடவை இதைவிடக் கடுமையாக வரலாம். செட்டிரிசின் போன்ற மாத்திரை அரிப்பை அடக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது. அதற்குத் தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. மறுபடி வந்தால் அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்கள். தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள்.

அன்று இறால், வலி மாத்திரை ஏதாவது சேர்ந்து உள்ளே போனதா என்று யோசித்து எழுதி எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை பலாக்கொட்டைக் குழம்பும் வேண்டாம்.